ஒரே முகம், குறையும் வெள்ளி: டியூட்டானிய சபையின் ஷில்லிங் சொல்லும் கதை

இவ்வாண்டு அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள், இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு வெள்ளிக்காசு. பால்டிக் கடலோரத்தில் பிரஷ்யா என்ற நாட்டை ஆண்ட டியூட்டானிய வீரத்துறவியர் சபை அதை வெளியிட்டது. ஷில்லிங் என்பது அதன் பெயர்.

அந்தக் காசில் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று, 1393 முதல் 1407 வரை சபையின் பெருந்தலைவராக இருந்த கொன்ராட் ஃபான் யுங்கிங்கன் பெயரில் அச்சானது. மற்றொன்று, 1410 முதல் 1413 வரை அப்பதவியில் இருந்த ஹைன்ரிக் ஃபான் பிளாவன் பெயரில் அச்சானது. இரண்டிலும் ஒரு பக்கம் கழுகு பொறித்த பெருந்தலைவரின் கேடயம், மறுபக்கம் சபையின் சிலுவைக் கேடயம். சுற்றிலும் லத்தீன் எழுத்து. சந்தையில் மீன் விற்றவளுக்கோ சாராயக் கடைக்காரனுக்கோ வேறுபாடு தெரிந்திருக்காது. உருக்கிப் பார்த்தால்தான் தெரியும்: முதல் காசில் நான்கில் மூன்று பங்கு வெள்ளி, இரண்டாவதில் ஐந்தில் மூன்று பங்குதான். இந்தக் கணக்கை எழுதிவைத்தவர், பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன கோப்பர்நிக்கஸ்.

இரண்டு காசுகளுக்கும் நடுவே நிற்பது 1410 ஜூலை 15-ல் நடந்த கிருன்வால்ட் போர். ஜெர்மானியர் அதை டான்னன்பர்க் போர் என்பர். அந்த ஒரு நாளில் சபை வீழ்ந்தது என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்லும். ஆனால் அதற்குப் பிறகும் 115 ஆண்டுகள் சபை பிரஷ்யாவில் இருந்தது. அதன் தலைமைக் கோட்டையை எதிரி எவரும் போரிட்டுப் பிடிக்கவில்லை. போருக்குப் பின் சபை இழந்தது, தன் சொந்த நகரங்கள் அதன்மேல் வைத்திருந்த நம்பிக்கையை. அந்த இழப்பு கோட்டைச் சுவரில் தெரிவதற்கு முன்பே காசில் தெரிந்துவிட்டது.

ஒரு வாக்குறுதி

1190-ல் மூன்றாம் சிலுவைப்போரின்போது ஆக்ரே நகர முற்றுகையில் காயம்பட்டவர்களுக்காக லூபெக், பிரெமன் நகர வணிகர்கள் ஒரு மருத்துவமனை அமைத்தார்கள். கப்பல் பாயே அதற்குக் கூரை என்று மரபுக் கதை சொல்கிறது. 1198-ல் அது போர்புரியும் துறவியர் சபையாக மாறியது. ஹெர்மன் ஃபான் சால்சா என்ற பெருந்தலைவரின் காலத்தில், மசோவியாவின் போலந்துக் கோமகன் அழைக்க, பிரஷ்யப் பழங்குடிகளோடு போரிட சபை வடக்கே வந்தது. 1231-ல் விஸ்துலா ஆற்றைக் கடந்து தோர்ன் என்ற இடத்தில் காலூன்றியது.

நாட்டைப் பிடிப்பது வேறு, அதில் ஆட்களைக் குடியேற்றுவது வேறு. ஜெர்மானிய ஊர்களிலிருந்து உழவரும் கைவினைஞரும் வணிகரும் இந்தக் காட்டுக்கும் சதுப்புக்கும் வரவேண்டுமென்றால் அவர்களுக்கு உறுதி வேண்டும். 1233 டிசம்பர் 28-ல் சபை குல்ம் சாசனத்தை வெளியிட்டது. நகராட்சி உரிமை, நீதிமன்றம், நில வாரிசுரிமை, மீன்பிடி உரிமை என்று நீளும் அந்தச் சாசனத்தில் நாணயத்துக்கும் ஓர் இடம் உண்டு.

அது சொல்வது இதுதான். நாடெங்கும் ஒரே நாணயம், குல்ம் ஃபென்னிக். அது கலப்பற்ற வெள்ளியில் அடிக்கப்படும். 60 ஷில்லிங், அதாவது 720 ஃபென்னிக், ஒரு மார்க் எடை நிற்க வேண்டும். அந்த அளவு என்றும் மாறாது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே பழைய காசைத் திரும்பப் பெற்றுப் புதுக்காசு கொடுக்கலாம். அப்போது மக்கள் 14 பழைய காசு கொடுத்து 12 புதிய காசு பெறுவார்கள்.

கடைசி வரியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பதினான்கைக் கொடுத்துப் பன்னிரண்டை வாங்குவது வரிதான், ஏழில் ஒரு பங்கு வரி. ஆனால் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். சாசனத்தில் எழுதி முத்திரை வைத்த வரி. குடியேறியவர்கள் அதை ஏற்றுக்கொண்டுதான் வந்தார்கள்.

சுரங்கமில்லா நாட்டின் வெள்ளி

பிரஷ்யாவில் வெள்ளிச் சுரங்கம் கிடையாது. ஒவ்வொரு குன்றிமணி வெள்ளியும் வெளியிலிருந்துதான் வரவேண்டும். அதைக் கொண்டுவந்தவை தானியமும் ஆம்பரும். ஆம்பர் என்பது பால்டிக் கரையில் ஒதுங்கும், கல்லாய் இறுகிய தொல்மரப் பிசின். அதன் வணிகத்தைச் சபை தனக்கே உரியதாக வைத்துக்கொண்டது. கரையில் பொறுக்கிய ஆம்பர் லூபெக்குக்கும் பிரூகஸுக்கும் போய் ஜெபமாலை மணிகளாயிற்று. தானிய வணிகத்துக்குத் தலைமைக் கோட்டை இருந்த மரியன்பர்க்கிலும், ஆம்பர் வணிகத்துக்குக் கோனிக்ஸ்பர்க்கிலும் சபை தன் வணிக அதிகாரிகளை வைத்திருந்தது. பொஹேமியாவின் சுரங்க வெள்ளி, பிராக் நகரக் குரோஷனாகவும் பாளமாகவும் வந்து சேர்ந்தது.

முதல் நூறாண்டுகளில் சபை அடித்தது ஃபென்னிக் மட்டுமே. கால் கிராம் எடை, ஒரு பக்கம் மட்டும் அச்சு, ஊதினால் பறக்கும் தகடு. வணிகம் பெருகியதும் அது போதவில்லை. 1351 முதல் 1382 வரை ஆண்ட பெருந்தலைவர் வின்ரிக் ஃபான் க்னிப்ரோடேயின் காலத்தில் பெரிய காசுகள் வந்தன; 1380 வாக்கில் ஷில்லிங் பிறந்தது. அதுவரை ஷில்லிங் கணக்கேட்டில் இருந்த பெயர், 12 ஃபென்னிக்குக்கு ஒரு ஷில்லிங். இப்போது அது கையில் பிடிக்கும் காசாயிற்று.

அதன் பின்பக்க வாசகம் 'மொனேத்தா தொமினோரும் ப்ரூசியே', 'பிரஷ்யத் தலைவர்களின் நாணயம்'. ஒருமையில் அரசன் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் பன்மை நிற்கிறது. நாட்டை ஆண்டது ஒரு சபை. காசை வெளியிட்டதும் அந்தச் சபை. அதன் உறுப்பினர் ஒவ்வொருவரும் தனக்கென எதையும் வைத்துக்கொள்வதில்லை என்று சபதம் எடுத்தவர். சொந்தமாக ஒரு காசும் வைத்துக்கொள்ளக் கூடாதவர்கள் சேர்ந்து அடித்த காசு, வடக்கு ஐரோப்பாவின் நல்ல காசுகளில் ஒன்றாக ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் புழங்கியது.

மரியன்பர்க் பொருளாளரின் 1399 முதல் 1409 வரையிலான கணக்கேடு இன்றும் இருக்கிறது. குதிரைக்கும் கொத்தனாருக்கும் தூதருக்கும் இசைக்கலைஞருக்கும் கொடுத்த தொகைகள் மார்க், ஸ்காட் என்ற பணக்கணக்கு அலகுகளில் வரிவரியாக அதில் உண்டு. 1402-ல் ஹங்கேரி மன்னர் சிகிஸ்முண்டிடமிருந்து நொய்மார்க் பகுதியை 63,200 ஹங்கேரிய பொற்காசுக்கு அடகு பிடிக்கும் அளவுக்குச் சபையின் கை நீண்டிருந்தது. அதுதான் உச்சம்.

அதே சமயம் சபையின் இருப்புக்கே அடிப்படையான காரணம் கரைந்துகொண்டிருந்தது. 1386-ல் லிதுவேனியக் கோமகன் யோகைலா ஞானஸ்நானம் பெற்று, போலந்து அரசியை மணந்து, விளாதிஸ்லாவ் யாகெல்லோ என்ற பெயரில் போலந்து மன்னரானார். புறச்சமயத்தாரை எதிர்த்துப் போரிடுவதாகச் சொல்லி வந்த சபைக்கு எதிரே இப்போது இருந்தவர் ஒரு கிறிஸ்தவ மன்னர்.

நூறாயிரம் கட்டு குரோஷன்

போலந்து, லிதுவேனியப் படைகளோடு கிருன்வால்டில் நடந்த போரில் பெருந்தலைவர் உல்ரிக் ஃபான் யுங்கிங்கன் களத்திலேயே மாண்டார். அவரோடு ஏறத்தாழ இருநூறு சபை வீரர்கள் இறந்தனர். மரியன்பர்க் கோட்டையை ஹைன்ரிக் ஃபான் பிளாவன் ஓடோடி வந்து காத்தார். ஏறத்தாழ இரண்டு மாத முற்றுகைக்குப் பின் போலந்துப் படை திரும்பியது. 1411 பிப்ரவரி 1-ல் தோர்னில் செய்த உடன்படிக்கையில் சபை இழந்த நிலம் கொஞ்சம்தான்.

கொடுக்க வேண்டிய பணம்தான் மிகப் பெரிது. சிறைபிடிக்கப்பட்டவர்களை விடுவிக்க 100,000 கட்டு பிராக் குரோஷன். ஒரு கட்டு என்றால் 60 காசு. ஆக மொத்தம் 60 லட்சம் வெள்ளிக்காசு. தவணைகளில் கட்ட வேண்டும். வெள்ளி விளையாத நாடு இவ்வளவு வெள்ளியை எங்கிருந்து கொண்டுவரும்? கருவூலம் துடைக்கப்பட்டது. தேவாலயங்களின் பொன்னும் வெள்ளியும் எடுக்கப்பட்டன. சிறப்பு வரி விதிக்கப்பட்டது. டான்சிக் நகரம் மறுத்தது. 1411 ஏப்ரலில் அதன் மேயர்கள் கொன்ராட் லெட்ஸ்காவும் ஆர்னோல்ட் ஹெக்டும் கோட்டைக்கு அழைக்கப்பட்டு அங்கேயே கொல்லப்பட்டனர்.

கண்ணுக்குத் தெரிந்த வரி இவ்வளவு எதிர்ப்பைக் கிளப்பியபோது, கண்ணுக்குத் தெரியாத வரி ஒன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அது நாணயச் சாலையில் உலைக்கலத்துக்குள் இருந்தது.

உலைக்கலத்தில் நடந்த கணக்கு

கோப்பர்நிக்கஸின் கணக்கைப் பின்தொடர்ந்தால் வேலை எப்படி நடந்தது என்பது தெளிவாகும். போருக்கு முன்பு மூன்று பங்கு வெள்ளியோடு ஒரு பங்கு செம்பு கலந்து, அந்தக் கலவையில் ஒரு மார்க் எடைக்கு 112 ஷில்லிங் அடித்தார்கள். ஆகவே ஒரு மார்க் தூய வெள்ளி, செம்பு சேர்ந்து, 149⅓ ஷில்லிங் ஆயிற்று. அன்று ஒரு மார்க் தூய வெள்ளியின் சந்தை விலை 140 ஷில்லிங். மிச்சம் 9⅓ ஷில்லிங்கில் நாணயச் சாலையின் செலவு அடங்கியது. வெள்ளி விற்றவனுக்கும் நட்டமில்லை, சாலைக்கும் நட்டமில்லை. காசின் மதிப்பும் அதிலிருந்த வெள்ளியின் மதிப்பும் ஏறத்தாழ ஒன்று.

வெள்ளியை ஐந்தில் மூன்று பங்காகக் குறைத்தால், அதே ஒரு மார்க் வெள்ளியிலிருந்து 186⅔ ஷில்லிங் வரும். பழைய கணக்கைவிட 37⅓ ஷில்லிங் கூடுதல். அச்சு மாறவில்லை, கேடயம் மாறவில்லை. கூடுதலான ஒவ்வொரு ஷில்லிங்கும், அதைக் கூலியாகவோ விலையாகவோ வாங்கியவரின் பையிலிருந்து எடுத்தது. குல்ம் சாசனத்தின் பத்தாண்டு வரி ஊரறிய நடந்தது. இது இருட்டில் நடந்தது.

பிறகு விகிதமே தலைகீழாயிற்று என்கிறார் கோப்பர்நிக்கஸ்: மூன்று பங்கு செம்பு, ஒரு பங்கு வெள்ளி. எடை மட்டும் அதே: ஒரு மார்க்குக்கு 112 ஷில்லிங். அந்த நிலையில் ஒரு மார்க் வெள்ளி 448 ஷில்லிங்காக விரியும். அதை இனி வெள்ளிக்காசு என்று சொல்வதற்கில்லை, செம்புக்காசு என்பதே அவர் தீர்ப்பு.

அக்காலத்தில் காசு மாற்றுக் குறைந்தது பிரஷ்யாவில் மட்டுமில்லை. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பா முழுவதும் வெள்ளித் தட்டுப்பாடு இருந்தது. பழைய சுரங்கங்கள் வற்றின. ஹுஸ்ஸியப் போர்கள் என்ற சமயப் போர்கள் பொஹேமியாவைக் குலைத்தன. அண்டை நாட்டு மன்னர்களும் செம்பைக் கூட்டினார்கள். ஆனால் 'அந்த அளவு என்றும் மாறாது' என்று குடிகளுக்கு எழுதிக்கொடுத்த அரசு அதே வேலையைச் செய்யும்போது அதன் பொருள் வேறாகிறது.

தமிழில் காசின் மாற்றைச் சோதிப்பவனுக்கு வண்ணக்கன் என்றொரு பழம்பெயர் உண்டு. பிரஷ்யாவின் நகரங்களில் அந்த வேலையைப் பொற்கொல்லர்கள் தங்களுக்காகவே செய்துகொண்டார்கள். புழக்கத்தில் கலந்து கிடந்த காசுகளிலிருந்து பழைய நல்ல ஷில்லிங்குகளைப் பொறுக்கினார்கள், உருக்கினார்கள், வெள்ளியை விற்று மேலும் காசு வாங்கினார்கள், அதிலிருந்தும் நல்லதைப் பொறுக்கினார்கள். அறியாத மக்களிடம் தேய்ந்ததும் கலந்ததுமே மிஞ்சியது. பின்னாளில் கிரெஷாம் பெயரால் வழங்கும் விதி இதுதான்: கெட்ட காசு நல்ல காசை விரட்டும்.

1416 ஜூனில் டான்சிக்கில் கைவினைஞர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நாணயச் சாலையை நகரத் தலைவர்கள் சிலர் குத்தகைக்கு எடுத்திருந்ததும், காசு கெட்டதும் கோபத்துக்குக் காரணங்கள். வாரக்கூலி வாங்குபவனுக்குத்தான் காசின் கேடு முதலில் சுடும். அப்போதைய பெருந்தலைவர் மிஹாயேல் கியூஹ்மைஸ்டர் கலகத்தை அடக்கினார். அதே ஆண்டு நாணயத்தையும் சீர்திருத்த முயன்றார். புதிதாக ஒரு நல்ல ஷில்லிங் வந்தது. அதில் சிலுவையின் கைகள் கேடயத்தைத் தாண்டி விளிம்புவரை நீண்டன. பழையதிலிருந்து பிரித்தறிய அந்த நீள்சிலுவையே அடையாளம். ஒரு புதுக்காசுக்கு இரண்டு பழைய காசு.

முயற்சி நேர்மையானது, ஆனால் பழைய காசுகள் சந்தையிலேயே தங்கிவிட்டன. நாட்டில் இப்போது இரண்டு மார்க்குகள் புழங்கின: 'நல்ல மார்க்', 'குறை மார்க்'. எந்த மார்க் என்று சொல்லாமல் கடன் பத்திரம் எழுத முடியாத நிலை வந்தது. 1233-ல் 'நாடெங்கும் ஒரே நாணயம்' என்று சொன்ன நாடு அது.

இன்னொரு விளைவும் உண்டு. நில வாடகைகள் பழைய சாசனங்களில் இத்தனை மார்க் என்று நிலையாக எழுதப்பட்டவை. காசில் வெள்ளி குறையக் குறைய, உழவன் அதே எண்ணிக்கையைக் கட்டினான். நிலக்கிழாருக்கு வந்த வெள்ளி குறைந்தது. நாட்டின் மிகப் பெரிய நிலக்கிழார் யார்? சபைதான். நாணயச் சாலையில் ஒரு கையால் எடுத்ததை வாடகை வசூலில் மறு கையால் இழந்தது. அந்த இழப்பை ஈடுகட்ட மறுபடியும் உலைக்கலம், மறுபடியும் செம்பு.

காசுக்கு விற்ற கோட்டை

1414-லும் 1422-லும் மீண்டும் போர்கள் வந்தன. சபையில் சேர வருவோர் குறைந்தனர், கூலிப்படை கூடியது. கூலிப்படைக்குச் செம்பைக் கொடுத்து ஏய்க்க முடியாது. அவர்கள் பொற்காசு கேட்டார்கள்.

1440 மார்ச் 14-ல் மரியன்வெர்டரில் 53 நிலக்கிழார்களும் 19 நகரங்களும் கூடிப் பிரஷ்யக் கூட்டணியை அமைத்தனர். வரி, நீதி, வணிகத்தில் சபையின் போட்டி, நாணயம் என்று அவர்கள் குறைகள் பல. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் கொடுத்த உரிமைகளைக் காப்பாற்று என்பதே எல்லாவற்றின் சாரமும். பேச்சு முறிந்தது. 1454 பிப்ரவரியில் கூட்டணி சபையின்மேல் வைத்திருந்த விசுவாசத்தைத் துறந்து, போலந்து மன்னர் நான்காம் கசிமிரிடம் போயிற்று. சபை 1231-ல் முதன்முதலாகக் காலூன்றிய தோர்ன் நகரத்தில் மக்கள் சபையின் கோட்டையை இடித்தார்கள். அந்த இடிபாடுகள் இன்றும் அங்கே நிற்கின்றன.

கசிமிர் பெரிய நகரங்களுக்கு நாணயம் அடிக்கும் உரிமை கொடுத்தார். டான்சிக்கின் புது ஷில்லிங் வடிவத்தில் சபையின் ஷில்லிங்கே: இரண்டு பக்கமும் கேடயம், சுற்றிலும் லத்தீன். கேடயத்தில் மட்டும் ஒருபுறம் போலந்துக் கழுகு, மறுபுறம் நகரச் சின்னம். மக்களுக்குப் பழகிய முகத்தை வைத்துக்கொண்டு பெயரை மாற்றினார்கள்.

இதனால் மூண்டு பதின்மூன்று ஆண்டு நீண்ட போரின் முதல் பெரிய சண்டையில், 1454 செப்டம்பரில் கோனிட்ஸில், சபையே வென்றது. வென்றும் கூலி கொடுக்கப் பணமில்லை. பெருந்தலைவர் லுட்விக் ஃபான் எர்லிக்ஸ்ஹாவுசன் தன் கோட்டைகளைக் கூலிப்படைக்கு ஈடாக எழுதிக்கொடுத்தார். மரியன்பர்க்கும் அதில் அடக்கம். தவணை தவறியது. உல்ரிக் செர்வோங்கா என்ற பொஹேமியத் தளபதியின் தலைமையில் கூலிப்படையினர் கோட்டையை எதிரிக்கே விலைபேசினார்கள். விலை 190,000 ஹங்கேரிய பொற்காசு. அதில் பெரும்பகுதியைத் திரட்டிக் கொடுத்தவர்கள் டான்சிக் நகரத்தார். 1457 ஜூனில் கசிமிர் மரியன்பர்க்குக்குள் நுழைந்தார். 1410-ல் இரண்டு மாத முற்றுகையைத் தாங்கிய கோட்டை, ஒரு கல்லும் பெயராமல் கைமாறியது. பெருந்தலைவர் கோனிக்ஸ்பர்க்குக்குப் போனார்.

1466 அக்டோபர் 19-ல் தோர்னில் இரண்டாம் உடன்படிக்கை. மேற்குப் பகுதி முழுதும், தோர்ன், டான்சிக், எல்பிங், மரியன்பர்க் அடங்கலாக, போலந்து மன்னருக்குப் போயிற்று. தானியக் கப்பல்கள் புறப்பட்ட துறைமுகமும் வெள்ளி வந்து இறங்கிய வழியும் போயின. எஞ்சிய கிழக்குப் பகுதியில் கோனிக்ஸ்பர்க் நாணயச் சாலை தொடர்ந்து ஷில்லிங் அடித்தது. அந்தக் காசுகள் கறுத்துக் கிடக்கும்; தேய்ந்த இடங்களில் செம்பு சிவந்து தெரியும்.

தோர்னில் பிறந்தவர்

அந்த உடன்படிக்கை முடிந்து ஏழாண்டு கழித்து, 1473-ல், அதே தோர்னில் கோப்பர்நிக்கஸ் பிறந்தார். தந்தை கிராகோவிலிருந்து வந்த செம்பு வணிகர். மகன் வார்மியா மறைமாவட்டத்தின் பேராலயக் குருமன்ற உறுப்பினராகி, அதன் நிலங்களை நிர்வகித்தார். வாடகை வசூலித்தவர் என்பதால் கெட்ட காசு என்ன செய்யும் என்பதை ஏட்டில் மட்டுமில்லாமல் கையிலும் கண்டார். 1517-ல் நாணயம் பற்றிய முதல் குறிப்பை எழுதினார். 1519-ல் பிரஷ்யாவை ஆண்ட கடைசிப் பெருந்தலைவர் ஆல்பிரெக்டுக்கும் போலந்துக்கும் இடையே போர் மூண்டது. போர்ச்செலவுக்காகக் காசு மேலும் கெட்டது. ஆல்பிரெக்டின் படைகளிடமிருந்து ஒல்ஷ்டின் கோட்டையைக் காக்கும் பொறுப்பும் கோப்பர்நிக்கஸின் தலையில் விழுந்தது. போர் ஓய்ந்தபின், 1522 மார்ச்சில் கிருட்சியொன்ட்ஸில் கூடிய பிரஷ்ய மன்றத்தில் தன் நாணயக் கருத்துகளை வாசித்தார். இறுதி வடிவம் 1526 வாக்கில் முடிந்தது.

நாடுகளை அழிப்பவை உட்பகை, கொள்ளைநோய், நிலம் விளையாமை, நாணயக் கேடு ஆகிய நான்கும் என்று அவர் தொடங்குகிறார். முதல் மூன்றும் எல்லோர் கண்ணுக்கும் படும். நான்காவது ஒரே அடியாக அடிக்காமல் மெல்ல மெல்ல, மறைவாக அரிப்பதால் சிலரே உணர்கிறார்கள் என்பது அவர் வாதம். மலிவான காசு ஏழைக்கு நல்லது என்ற பேச்சையும் அவர் மறுக்கிறார். நல்ல காசு புழங்கும் நாடுகளில் கைத்தொழிலும் கைவினைஞரும் வளம்பெறுவதைக் காட்டுகிறார்.

அவர் சொன்ன தீர்வும் நேரானது. நாணயச் சாலைகளைக் குறை. ஒரு பவுண்டு தூய வெள்ளிக்கு 20 மார்க்குக்கு மேல் அடிக்காதே. அடிப்பதில் ஆட்சியாளர் லாபம் பார்க்கக் கூடாது. புதுக்காசு வந்த உடனே பழைய காசு அத்தனையையும் திரும்பப் பெற்றுச் செல்லாததாக்கு. 1416-ல் கியூஹ்மைஸ்டரின் சீர்திருத்தம் தோற்றது இந்தக் கடைசிப் படியை எடுக்காததால்தான் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

அந்தத் தீர்வைக் கடைப்பிடிக்கச் சபைக்கு வாய்க்கவில்லை. 1525 ஏப்ரல் 10-ல் கிராகோ சதுக்கத்தில் ஆல்பிரெக்ட், போலந்து மன்னர் முதலாம் சிகிஸ்முண்டின் முன் மண்டியிட்டு, துறவியர் சபையின் நாட்டைத் தன் குடும்பத்துக்குரிய பிரஷ்யக் கோமகனரசாக ஏற்றுக்கொண்டார். லூதரின் சமயத்தையும் தழுவினார்.

1530-களில் கோனிக்ஸ்பர்க்கில் அவர் அடித்த குரோஷன்கள் இன்றும் நாணயச் சேகரிப்புகளில் எளிதாகக் கிடைக்கின்றன. ஒருபுறம் தாடியோடு ஆல்பிரெக்டின் முகம், மறுபுறம் மார்பில் சிகிஸ்முண்டின் முதலெழுத்தைத் தாங்கிய கழுகு. சபையின் சிலுவை எங்கும் இல்லை. 'தலைவர்களின்' என்ற பன்மையும் இல்லை. முகத்தைச் சுற்றி விசுவாசத்தைப் பற்றிய ஒரு வேதாகம வாசகம் லத்தீனில் ஓடுகிறது. அதையொட்டி அச்சிட்ட ஆண்டு.